கொத்தமல்லியை ஒளித்துவைத்தல்

லட்டு செத்துப்போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஸ்டாண்ட்-அப் மீட்டிங் நடந்துகொண்டிருந்தபோது. மைக்கை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். கூண்டின் மூலையில் ஒருக்களித்துக் கிடந்தது. தலைமாட்டில் தீனிக் கிண்ணம், நிறைய. காலையில் நான்தான் நிரப்பியிருந்தேன். ஒரு உயிர் சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்து செத்துப்போக முடியும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. திரும்பி வந்து மைக்கைப் போட்டு, "நோ பிளாக்கர்ஸ்" என்று சொன்னேன்.

லட்டு ஒரு கினிப்பன்றி. மகளின் எட்டாவது பிறந்தநாளுக்கு வாங்கியது. நாய் கேட்டாள். நான்காவது மாடி, இரண்டு பேருக்கும் வேலை, நாய் முடியாது. கடைக்காரர்தான் இதைக் காட்டினார். "சத்தமே இருக்காது சார், மெயின்டனன்ஸே இல்ல." ஒரு கூண்டு, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு சக்கரம், ஒரு பாக்கெட் தீவனம். எல்லாம் ஒரே பில்லில். வண்டியில் வரும்போது மடியில் வைத்திருந்த அட்டைப்பெட்டிக்குள் அது நடுங்கியதை மகள் "டான்ஸ் ஆடுது" என்றாள். நானும் சிரித்தேன்.

மூன்று மாதம் இருந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கூண்டுக் கம்பியைக் கடிக்கும். கிர்ர், கிர்ர் என்று ஒரே சீராகச் சத்தம் கேட்கும். கிடார் வாசிக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் அதை வீடியோ எடுத்து, பின்னணியில் ஒரு பாட்டுப் போட்டு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். நாற்பத்தி மூன்று பேர் பார்த்தார்கள். அந்த வீடியோ இன்னமும் போனில் இருக்கிறது. அழிக்கவில்லை.

சாவதற்கு இரண்டு நாள் முன்னால் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோயிருந்தேன். நடக்க மாட்டேன் என்கிறது, தொட்டால் கத்துகிறது என்றேன். பின்னங்கால் மூட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன போடறீங்க?" என்றார். போனில் இருந்த பாக்கெட் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "இது மொயல் தீவனம்ங்க." முயலின் உடம்பு வைட்டமின் சியைத் தானே செய்துகொள்ளும். கினிப்பன்றியால் முடியாது. மனிதர்களாலும் முடியாது. தினமும் வெளியிலிருந்து போய்ச் சேர வேண்டும். சில வாரங்கள் போகாவிட்டால் ஸ்கர்வி. மூட்டு வீங்கும், பல் ஆடும், ரோமம் சிலிர்த்துப்போகும். ஒரு நாளைக்கு ஒரு துண்டு குடைமிளகாய் போட்டிருந்தால் போதும். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் குடைமிளகாய் எப்போதும் இருக்கும். மகள் சாப்பிடாமல் ஒதுக்கிவைப்பது அது.

*

அதற்கப்புறம் நான் படித்ததெல்லாம் குற்ற உணர்ச்சியில் படித்தது. எஞ்சினியர்களின் துக்கம் அப்படித்தான் இருக்கும். அழ மாட்டோம், டாக்குமென்டேஷன் படிப்போம்.

1907இல் நார்வேயில் ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிச் என்ற இரண்டு பேர் கப்பல் மாலுமிகளுக்கு வரும் ஒரு நோயை ஆராய்வதற்காகக் கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியத்தை மட்டும் போட்டு வளர்த்தார்கள். அவர்கள் தேடியது பெரிபெரி. கிடைத்தது ஸ்கர்வி. மனிதரைப் போலவே ஸ்கர்வி வரும் ஒரு பிராணி அப்படித்தான் தற்செயலாகக் கையில் சிக்கியது. வைட்டமின் சி பற்றிப் பின்னால் தெரிந்துகொண்டதில் பெரும் பங்கு இவை கொடுத்தது. நூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த ஒரு விஷயத்தை என் ஹாலில் நான் மறுபடியும் நிரூபித்திருக்கிறேன்.

அது கினியிலிருந்து வந்ததல்ல, பன்றியும் அல்ல. ஆண்டிஸ் மலைக்காரர்கள் ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பே வீட்டில் வளர்க்க ஆரம்பித்த எலி இனம். கெச்சுவா மொழியில் அதன் பெயர் கூய். பெருவில் இன்றும் சாப்பிடுகிறார்கள். குஸ்கோ தேவாலயத்தில் மார்கோஸ் சபாதா வரைந்த கடைசி இராவுணவு ஓவியத்தில், இயேசுவின் முன்னால் தட்டில் மல்லாந்து கிடப்பது கூய்தான் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அதன் காட்டு உறவினர்கள் வளை தோண்டுவதில்லை. ஆள் மறைக்கும் புல்லுக்குள் நடந்து நடந்து சுரங்கம் மாதிரிப் பாதை போட்டு வைத்துக்கொள்ளும். விடியும்போதும் பொழுது சாயும்போதும் அந்தப் பாதையிலிருந்து தலையை நீட்டிப் புல் கொறிக்கும், நிழல் ஆடினால் உள்ளே ஓடும். நாளெல்லாம் இதுதான் வேலை. கொறிப்பது, ஓடுவது, மறுபடி கொறிப்பது. பல் வளர்ந்துகொண்டே இருக்கும், புல்தான் அதைத் தேய்க்கும். வயிறு நின்றால் உயிர் நிற்கும். ஒரு முழு நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஆபத்து.

இப்படிப்பட்ட ஒன்றைத் தனியாக இரண்டடிக் கூண்டில் போட்டு, மூஞ்சிக்கு நேராக ஒரு கிண்ணம் வைத்திருந்தேன். அதன் ஒரு நாள் வேலையை நான்கு நிமிடத்தில் முடித்துக் கொடுத்திருந்தேன். மீதி நேரத்துக்குக் கம்பி. சுவிட்சர்லாந்தில் 2008இலிருந்து கினிப்பன்றியை ஒற்றையாக வளர்ப்பது சட்டப்படி தவறு. அந்தச் சக்கரம்கூட அதன் முதுகெலும்புக்கு ஆகாதாம்.

*

அப்பா எங்களோடு வந்து அப்போது ஏழு மாதம்.

காங்கயம் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் கொரங்காடு. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்: கொரங்காடு என்றால் உழவு கிடையாது. சுற்றிலும் முள்கிளுவை வேலி, நடுவில் அங்கங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப்புல். மாட்டை உள்ளே விட்டுக் கடவை அடைத்தால் அதுவாக மேய்ந்துகொள்ளும். அம்மா போன பிறகு அப்பா அங்கே தனியாக இரண்டு மாட்டோடு இருந்தார். ஒருநாள் தொட்டிக்குத் தண்ணீர் எடுக்கும்போது மயங்கி விழுந்துவிட்டார். சர்க்கரை இறங்கிவிட்டது. பக்கத்துக் காட்டுக்காரர் பார்த்ததால் தப்பித்தார். நான் போய் மாடுகளை விற்று, வீட்டைப் பூட்டி, அவரைக் கோயம்புத்தூர் கூட்டிவந்தேன். சரவணம்பட்டியில் ஃபிளாட். அவர் இருக்கும் அறையில் ஏசி, டிவி, கிழமை எழுதிய மாத்திரை டப்பா, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். வேளைக்குச் சாப்பாடு. சமையல் செய்யும் அக்கா தட்டில் போட்டு அறைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். தனியாகக் கீழே இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

நான் வேலை பார்ப்பது வீட்டுக்கு மளிகை கொண்டுவந்து தரும் ஒரு செயலியில். என் டீமின் வேலை, ஒரு பொருளை நினைப்பதற்கும் வாங்குவதற்கும் நடுவில் இருக்கும் கிளிக்குகளைக் குறைப்பது. எங்கள் பாஷையில் அதற்கு உராய்வு என்று பெயர். உராய்வு இருக்கும் இடத்தில் ஆள் விழுந்துவிடுகிறான். அப்பா விஷயத்தில் நான் செய்ததும் அதேதான், நல்ல எண்ணத்தோடு.

லட்டைக் கீழே கொண்டுபோய் வேப்பமரத்தடியில் புதைத்தபோது, இத்தனை மாதத்தில் முதல்முறையாக, கேட்காமலே அவரும் கூட வந்தார். குழியைப் பார்த்துவிட்டு "இன்னுங் கொஞ்சம் ஆழமாத் தோண்டு, நாயி கிளறிப் போடும்" என்றார். மேலே வரும்போது லிஃப்டில், "அந்தப் பெருக்கானுக்கு பில்லே போடலியே நீயி" என்றார். குரலில் குற்றம் சொல்வது இல்லை. அவருக்கு அது ஏதோ எங்கள் ஊர் வழக்கம் என்று தோன்றியிருக்கலாம்.

"ஏம்ப்பா அப்பவே சொல்லல?"

"நீ கேக்குலயே."

*

மகள் மறுபடி கேட்டபோது மனைவி ஒரு நிபந்தனை போட்டாள்: வாங்கினால் ரெண்டு, படித்துவிட்டு. பஜ்ஜி, போண்டா. இரண்டும் பெட்டை. கடைக்காரர் சொன்னதை நம்பாமல் மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்தோம். கூண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஹாலில் பால்கனி ஓரமாக ஆறடிக்கு நாலடி தரையை வலைத்தட்டிகளால் அடைத்தேன். கீழே பழைய கம்பளி, அதன் மேல் காய்ந்த புல். வெளிநாட்டு டிமோத்தி ஹே கிலோ எண்ணூறு, ஆயிரம். இரண்டும் அதை ஒரு மாமியார் மிடுக்கோடு மிதித்து, அதன் மேலேயே புழுக்கை போட்டுவிட்டு, நல்லதாக நாலு தாளை மட்டும் பொறுக்கித் தின்றன.

இதற்கெல்லாம் ஆங்கிலத்தில் என்ரிச்மெண்ட் என்கிறார்கள். தமிழில் தேடினால் செறிவூட்டல் என்று வருகிறது. ரேஷன் கடையில் போடுகிறார்களே செறிவூட்டப்பட்ட அரிசி, அது ஞாபகம் வருகிறது, அப்புறம் யுரேனியம். அப்பாவிடம் விளக்கப் பார்த்தேன். மிருகம் காட்டில் என்னென்ன செய்யுமோ அதை வீட்டில் செய்ய வழிபண்ணிக் கொடுப்பது, தீனியை நேராகக் கொடுக்காமல் தேட வைப்பது, இப்படி. "வேல குடுக்கறதுன்னு சொல்லு" என்றார். அதற்கு மேல் நல்ல மொழிபெயர்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

வேலை கொடுக்க ஆரம்பித்தோம். கிண்ணத்தை எடுத்துவிட்டோம். கொத்தமல்லித் தழையை ஒரே கட்டாக வைக்காமல், காம்பு காம்பாகப் பிரித்துப் புல்லுக்குள் ஒளித்தோம். கூரியர் பெட்டிகளை மகள் வெட்டி வீடு செய்தாள். ஒரு வாசல் போதாது, இரண்டு வேண்டும். இல்லாவிட்டால் பஜ்ஜி வாசலை மறித்துக்கொண்டு போண்டாவை உள்ளேயே வைத்து மிரட்டும். சமையலறைப் பேப்பர் சுருளின் அட்டைக் குழாயில் புல்லைத் திணித்துப் போட்டோம். அதை நீளவாக்கில் கத்தரியால் பிளந்துவிட்டுத்தான் போட வேண்டும். தலை மாட்டிக்கொண்டால் பின்னால் வரத் தெரியாது. கொட்டாங்குச்சிக்கு அடியில் கொய்யாத் துண்டு. முட்டை அட்டைக் குழிகளில் குடைமிளகாய். ஒரு கயிறு கட்டி அதில் புல் கற்றையைத் தொங்கவிட்டால், முன்னங்காலைத் தூக்கி நின்று இழுக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் பயந்துபோய் மூலையில் உறைந்துவிடும். புலி அடித்துத் தின்னும் வம்சம் இல்லையே, அடிபட்டுச் சாகும் வம்சம். புதிது எல்லாமே அதற்கு முதலில் பருந்துதான். ஒரு நாளைக்கு ஒன்று. அதுவும் ஒளிந்துகொள்ளும் இடத்தை மட்டும் நகர்த்தாமல்.

கினிப்பன்றி தேடுவதைப் பார்க்க வேண்டும். கண் பக்கவாட்டில் இருப்பதால் மூக்குக்கு நேர் கீழே இருப்பது அதற்குத் தெரியாது. மீசையாலும் உதட்டாலும்தான் பிரிக்கும். புல்லுக்குள் முகத்தை முழுக்கப் புதைத்து, உதட்டை விரல் மாதிரி ஆட்டி, வேண்டாததைத் தள்ளித் தள்ளி, ஒரு கொத்தமல்லிக் காம்பு கிடைத்ததும் தலையைத் தூக்காமலே உள்ளே இழுத்துக்கொள்ளும். காம்பு ரயில் மாதிரி வாய்க்குள் போகும். வயிறு நிறைந்த சந்தோஷத்தில் சிலசமயம் நின்ற இடத்திலேயே துள்ளி, காற்றில் உடம்பைத் திருகி விழும். பாப்கார்னிங் என்பார்கள். லட்டு மூன்று மாதத்தில் ஒருமுறைகூட அதைச் செய்யவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அப்போது தெரியாது.

1963இல் க்ளென் ஜென்சன் என்பவர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். கிண்ணத்தில் தீனி சும்மா இருக்கிறது. பக்கத்தில், அழுத்தினால் அதே தீனியைக் கொடுக்கும் ஒரு நெம்புகோல். பெரும்பாலான எலிகள் சும்மா கிடைப்பதை விட்டுவிட்டுக் கணிசமான அளவு அழுத்தித்தான் சாப்பிட்டன. காண்ட்ராஃப்ரீலோடிங் என்று பெயர். பிறகு புறா, கோழி என்று பலவற்றிலும் பார்த்துவிட்டார்கள். பூனை மட்டும் பெரிதாக மசியவில்லை, உட்கார்ந்த இடத்தில் வந்தால்தான் அதற்கு மரியாதை. நானும் வீட்டில் செய்து பார்த்தேன். பாதிக் கொத்தமல்லி கிண்ணத்தில், பாதி புல்லுக்குள். பஜ்ஜி முதலில் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு அப்புறம் தேடப் போனது. போண்டா தேடிக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் பஜ்ஜியின் வாயிலிருந்து பிடுங்கியது. எதுவும் நிரூபணமாகவில்லை. சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா அடக்க முடியாமல் சிரித்தார். "ரெண்டு மாட்டுக்கு ஒரே தொட்டி வச்சாலும் இதேதான்டா நடக்கும்."

*

டிமோத்தி தீர்ந்த ஒருநாள், உழவர் சந்தைக்கு வெளியே தீவனம் விற்றவரிடம் ஒரு கட்டுப் பச்சைச் சோளப் பயிர் வாங்கி வந்தேன். முழங்கால் உயரம், இளசாக, பளபளவென்று. அப்பா அதைப் பார்த்ததும் எழுந்தார். எழுபத்தொரு வயசு, எழுவதற்கு எப்போதும் சோபாக் கையைப் பிடிப்பவர், எதையும் பிடிக்காமல் எழுந்தார். கட்டை என் கையிலிருந்து பிடுங்கி வாசலுக்கு வெளியே போட்டார்.

"எளஞ்சோளத்த மாடு திண்டா அங்கயே வுழுந்துரும். தெரியுமா உனக்கு? ஒரு பூட்டு மாடு போயிருக்குது எங்க ஐயன் காலத்துல."

பிறகு பார்த்தேன், இளம் சோளத்தில் சயனைடு உருவாகும். வளர்ந்து காய்ந்தபின் தட்டாகப் போடலாம். எனக்கு எட்டு வருடம் கெமிஸ்ட்ரி, அவருக்கு ஒரு பூட்டு மாடு.

அடுத்த நாள் காலை அவர் ஆறு மணிக்கு மஞ்சப்பையோடு நின்றார். சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார். "இந்த லேஅவுட்டுல பின்னால அருகு கெடக்குது. பால்கனியில இருந்து தெரியுது." அத்தனை மாதமும் அவர் பால்கனியில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்ததை நான் உடற்பயிற்சி என்று நினைத்திருந்தேன்.

நானும் கூடப் போனேன், முதல் சில நாள். காலி மனைகளில் அவர் நடப்பது வேறு நடை. பார்த்தீனியத்தைக் கண்டால் காலால் ஒதுக்குவார். எருக்கு, அரளி இருக்கும் பக்கம் அந்தப் புல்லையே தொட மாட்டார். கிழித்தால் பால் வருவது எதையும் பையில் போட மாட்டார். ரோட்டோரப் புல் வேண்டாம், நாய் போகிற இடம். பச்சையாகக் கிடக்கும் கூட்டத்துக்கு நடுவில் திடீரென்று ஒரு வட்டம் மட்டும் மஞ்சளாக இருந்தால் மருந்து அடித்திருக்கிறார்கள், அந்த மனையே வேண்டாம். ஒரு வேலியோரத்தில் கொழுக்கட்டைப்புல்லைப் பார்த்துவிட்டுக் குந்தி உட்கார்ந்துவிட்டார். அந்தக் கதிரை விரலால் உருவிக்கொண்டே இருந்தார். நான் மெயில் பார்த்தேன்.

புல்லை மூன்று தண்ணீரில் அலசி, துண்டில் போட்டு ஈரம் போக்கி, ஹாலில் இறைப்பது அவர் வேலை ஆனது. ஒளித்துவைப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரர். கோணியை நாலாக மடித்து மடிப்புக்குள் அருகம்புல் செருகுவார். மகளும் அவரும் போட்டி வைப்பார்கள், யார் ஒளித்ததைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகிறது என்று. ஞாயிற்றுக்கிழமை சமையலறைத் தராசில் எடை. பஜ்ஜி 980, போண்டா 870. அவருடைய சாய்ந்த கையெழுத்தில் ஒரு நோட்டு. காலையில் கதவுப் பூட்டுத் திறக்கும் சத்தத்துக்கே இரண்டும் வீ... வீ... என்று விசில் அடிக்கும். என் சாவிக்கு அடிக்காது.

*

மூன்றாவது மாதம் ஒரு வியாழக்கிழமை, ஆறு மணிக்குப் போனவர் ஒன்பதரை வரை வரவில்லை. போன் சோபாவில் கிடந்தது. மாத்திரை டப்பாவில் வியாழன் காலைக் குழி காலி. சாப்பாடு தொடவில்லை. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வெயிலில் அலைந்தால் என்ன ஆகும் என்று காங்கயத்திலேயே பார்த்தாயிற்று. வண்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மனையாகப் போனேன். வழக்கமான இடங்கள் எதிலும் இல்லை. சத்தி ரோட்டைத் தாண்டி, இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, கம்பி வேலி போட்ட ஒரு பெரிய காலி இடத்தில், மரத்தடியில் ஒரு வெள்ளாட்டுக்காரரோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பை நிறையப் புல். ஆட்டுக்காரர் கொடுத்த தூக்குப்போசியிலிருந்து எதையோ குடித்துக்கொண்டிருந்தார்.

கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. "ரெண்டு எலிக்காக" என்று ஒருமுறை சொன்னது ஞாபகம் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு மனிதர் முன்னால், என் மகளிடம்கூடப் பேசாத குரலில். ஆட்டுக்காரர் எழுந்து ஆடுகளைப் பார்க்கப் போவதுபோல் அந்தப் பக்கம் போய்விட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினார். வழியெல்லாம் என் தோளைப் பிடிக்கவில்லை, சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அன்று சாயங்காலம் தட்டு அறைக்குள் போய் அப்படியே திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை அவர் ஆறு மணிக்கு எழவில்லை. சனிக்கிழமையும். விடிந்ததும் இரண்டும் விசிலடித்தன, கொஞ்ச நேரத்தில் ஓய்ந்தன. தீனிக்குக் குறைவில்லை. டிமோத்தி நிறைய இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானே கத்தரியோடு போனேன். முக்கால் மணி நேரம் ஆனது. விரலை ஒருமுறை வெட்டிக்கொண்டேன். கொண்டுவந்து மேசையில் கொட்டியபோது மனைவி அவரை அழைத்தாள். "மாமா, இது சரியான்னு கொஞ்சம் பாருங்க." வந்து பார்த்தார். ஒரு தாளை எடுத்து விரலில் உருட்டினார்.

"இது கோரை. தண்டு முக்கோணமா இருக்குது பாரு. இதுல நாலுல ஒரு பங்குதான் பில்லு." பிரிக்க ஆரம்பித்தார். நானும் எதிரில் உட்கார்ந்து பிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்க்காமல், "அந்தக் காட்டுல கொளுக்கட்டப்பில்லு இடுப்பு ஒசரம் நிக்குது" என்றார். "அதான் நேரம் தெரியல."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்து, "சாப்பிட்டுட்டுப் போங்கப்பா இனிமே" என்றுதான் சொன்னேன்.

ஒப்பந்தம் மகள் எழுதியது. ஃபிரிட்ஜ் கதவில் இன்னும் ஒட்டியிருக்கிறது. அப்பாரு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சட்டைப் பையில் நாலு பிஸ்கட்டும் எங்கள் நம்பர் எழுதிய அட்டையும் இருக்க வேண்டும். எந்த இடம், எத்தனை மணி என்று கதவில் எழுதிவிட்டுப் போக வேண்டும். போனில் லொகேஷன் போட்டுவிடலாம் என்றேன், ஐந்து நிமிட வேலை. "அதெல்லாம் மாட்டுக்குக் கட்டு" என்றுவிட்டார். இன்னொன்றும் அவராகச் சேர்த்தார்: தட்டு அறைக்கு வர வேண்டாம். இப்போது அவரே வந்து போட்டுக்கொள்கிறார். சில நாள் சர்க்கரைக்கு ஆகாததைப் போட்டுக்கொள்கிறார். அதற்கு ஒரு சண்டை தனியாக நடக்கிறது. ஆபத்து குறைந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். ஒருமுறை கல் தடுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்து, முழுக்கைச் சட்டை போட்டு மூன்று நாள் மறைத்தார்.

போன வாரம் கதவில் "ஆட்டுக்காரன் காடு, 8 மணி" என்று எழுதியிருந்தது. ஏழரைக்கே வந்துவிட்டார், பையில் பாதிதான். கம்பி வேலிக்குள் ஜேசிபி நிற்கிறதாம். சுண்ணாம்பில் கோடு போட்டுவிட்டார்களாம், வில்லா வருகிறதாம். இருந்த புல்லை அலசி, கோணி மடிப்பில் செருகினார். போண்டா வந்து அவர் பெருவிரலை முகர்ந்துவிட்டு மடிப்புக்குள் தலையை விட்டது.

"சாயங்காலம் வேல முடிஞ்சா வண்டிய எடு" என்றார். "கீரணத்தம் பக்கம் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தரலாம்."